இங்கிலாந்தில் சிறு கடை நடத்துபவர்களுக்கு: கவுன்சில் லைசென்ஸ், கட்டணம், சோதனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் பதினோரு வருடம் ஒரு மூலைக்கடை நடத்தினேன். பால், ரொட்டி, கறிவேப்பிலை, பியர் எல்லாம் விற்ற கடை. இப்போது புதிதாகக் கடை எடுக்கும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் படிவம் நிரப்ப என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் இங்கிலாந்துக்குப் பொருந்துபவை. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, வேல்ஸில் சில விஷயங்கள் மாறும்.

கடை திறக்கவே ஒரு லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். சென்னையில் மாநகராட்சியிடம் தொழில் உரிமம் வாங்கிப் பழகியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இங்கிலாந்தில் எல்லாக் கடைக்கும் பொதுவான உரிமம் என்று ஒன்று இல்லை. துணிக்கடையோ போன் ரிப்பேர் கடையோ வைக்கிறீர்கள் என்றால் கவுன்சிலிடம், அதாவது உள்ளாட்சி மன்றத்திடம், எந்த லைசென்ஸும் கேட்க வேண்டியதில்லை. பிசினஸ் ரேட்ஸ் என்ற கடைக் கட்டடத்துக்கான வரி, கட்டடத்தை அந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்ற பிளானிங் விஷயம் இரண்டும் தனி.

கடையில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் லைசென்ஸ். மது விற்றால் ஒன்று. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிக்குள் சூடான சாப்பாடோ தேநீரோ விற்றால் அதற்கும் வேண்டும். நள்ளிரவில் கொத்து ரொட்டி போடும் கடைகள் இதைத் தெரியாமலே மாட்டிக்கொள்கின்றன. தெருவில் வண்டி போட்டு விற்பது, பச்சை குத்துவது, காது குத்துவது, நாய்களைப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டில் வைத்துப் பார்ப்பது, பழைய இரும்பு வாங்கி விற்பது, வாடகைக் கார் ஓட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அனுமதி.

எந்தக் கவுன்சிலிடம் போவது?

லண்டனில் உங்கள் பரோ, அதாவது உங்கள் பகுதிக் கவுன்சில். மான்செஸ்டர், பர்மிங்காம், லெஸ்டர் மாதிரி ஊர்களில் அந்த நகரக் கவுன்சில். சர்ரே, கென்ட், எசெக்ஸ் மாதிரி கவுன்டிகளில் இரண்டு அடுக்குக் கவுன்சில் உள்ள இடங்களில், லைசென்ஸும் உணவுச் சுகாதாரமும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம். எடை அளவு, போலிப் பொருள், வயதுக் கட்டுப்பாடு பார்க்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் கவுன்டி கவுன்சிலிடம். லண்டனில் டாக்ஸி மட்டும் பரோவிடம் இல்லை, நகரப் போக்குவரத்தை நடத்தும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனிடம்.

உணவு விற்க என்ன கட்ட வேண்டும்?

ஒரு பைசா வேண்டாம். உணவுத் தொழில் என்றால் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கவுன்சில் அதை மறுக்கவும் முடியாது. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவருக்கும், வாரக் கடைசியில் பிறந்தநாள் சாப்பாடு செய்து கொடுக்கிறவருக்கும் இதுவே. "பதிவு செய்து தருகிறோம்" என்று நூறு, நூற்றைம்பது பவுண்டு கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

பதிவுக்குப் பிறகு சுகாதார அதிகாரி வந்து பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். இங்கிலாந்தில் அந்தப் பச்சை ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வேல்ஸில் 2013 முதல் கட்டாயம். ஆனால் ஒட்டாவிட்டாலும் மதிப்பெண் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும். குறைவாக வந்தால் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குறையைச் சரிசெய்துவிட்டு மறுபடி வந்து பார்க்கும்படியும் கேட்கலாம்; அதற்குக் கவுன்சில் கட்டணம் வாங்க முடியும்.

மது விற்க எத்தனை லைசென்ஸ்?

இரண்டு. கடைக்கு ஒன்று, மது விற்பனைக்குப் பொறுப்பாளராக இருக்கும் ஆளுக்கு ஒன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆளுக்கான லைசென்ஸுக்கு 37 பவுண்டு. ஒரு நாள் வகுப்பு, ஒரு தேர்வு, குற்றப் பதிவுச் சான்று, இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமைக்கான அத்தாட்சி. இதை நீங்கள் குடியிருக்கும் இடத்துக் கவுன்சிலிடம் வாங்க வேண்டும், கடை இருக்கும் இடத்தில் இல்லை. ஒருமுறை வாங்கினால் போதும், 2015 முதல் புதுப்பிக்கத் தேவையில்லை. வீடு மாறினால் முதலில் கொடுத்த கவுன்சிலுக்கே தெரிவிக்க வேண்டும்.

கடை லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், நீல நிறத் தாளில் ஓர் அறிவிப்பைக் கடை வாசலில் 28 நாள் ஒட்ட வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரமும் போட வேண்டும். பல நேரம் விண்ணப்பக் கட்டணத்தைவிட இந்த விளம்பரச் செலவே அதிகம். பட்ஜெட் போடும்போது இதை விட்டுவிடுகிறார்கள். அந்த 28 நாளில் போலீஸ், தீயணைப்பு, டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், உள்துறை அமைச்சகம், பக்கத்து வீட்டுக்காரர் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். விண்ணப்பம் முறையாக இருந்து யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் கவுன்சில் லைசென்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும். "அதிகாரிக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒரு காரணமே ஆகாது. ஆட்சேபனையும் குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, குழந்தைகளின் நலம் என்ற நான்கில் ஒன்றைச் சார்ந்து இருக்க வேண்டும். "இந்தத் தெருவில் ஏற்கெனவே மூன்று கடை இருக்கிறது, என் வியாபாரம் படுத்துவிடும்" என்று போட்டிக் கடைக்காரர் எழுதினால் அது எடுபடாது.

மது லைசென்ஸ் கட்டணம் எவ்வளவு?

இதைக் கவுன்சில் தீர்மானிப்பதில்லை. மத்திய அரசாங்கம் 2005இல் போட்ட அட்டவணைதான் இன்னும் ஓடுகிறது. உங்கள் கடையின் ரேட்டபிள் வேல்யூவைப் பார்ப்பார்கள், அதாவது பிசினஸ் ரேட்ஸ் கணக்கிட வைத்திருக்கும் மதிப்பு. 4,300 பவுண்டு வரை என்றால் விண்ணப்பத்துக்கு 100, பிறகு வருடத்துக்கு 70. அதற்கு மேல் 33,000 வரை 190, வருடத்துக்கு 180; மூலைக்கடைகள் பெரும்பாலும் இங்கேதான் விழும். 87,000 வரை 315, 295. 1,25,000 வரை 450, 320. அதற்கும் மேலே 635, 350.

கோயில் மண்டபத்திலோ ஹாலிலோ ஒரே ஒரு நாள் விழா, அங்கே பியர் விற்க வேண்டும் என்றால் முழு லைசென்ஸ் தேவையில்லை. தற்காலிக அறிவிப்பு கொடுக்கலாம், 21 பவுண்டு. 499 பேருக்கு மேல் கூடாது, பத்து வேலை நாளுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

மற்ற லைசென்ஸ்களுக்குக் கவுன்சில் இஷ்டத்துக்குக் கட்டணம் போடலாமா?

போட முடியாது. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் நம் ஆட்கள் கட்டணத்தை வரி மாதிரி நினைத்துக் கேட்காமலே கட்டிவிடுகிறார்கள்.

கட்டணம் வருமானத்துக்காக இல்லை. அந்த லைசென்ஸ் முறையை நடத்த ஆகும் செலவை ஈடுகட்ட மட்டும்தான். பக்கத்துப் பரோவில் 200, இங்கே 600 என்றால் அதுவே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த 600 எப்படி வந்தது என்று கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இதற்குப் பெரிய வழக்கே நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பாலியல் பொருள் விற்கும் கடைகளுக்கு 2011-12இல் வாங்கிய கட்டணம் 29,102 பவுண்டு. அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 2,667 மட்டுமே. மிச்சம் 26,435 பவுண்டு கண்காணிப்புக்கும், லைசென்ஸ் இல்லாமல் நடத்துபவர்களைப் பிடிப்பதற்கும். ஹெம்மிங் என்ற கடைக்காரரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். "சட்டப்படி நடக்கிற நான், சட்டத்தை மீறுகிறவனைப் பிடிக்க ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

2015இல் உச்ச நீதிமன்றம் கவுன்சில் பக்கம் ஒரு பாதியை ஒத்துக்கொண்டது. லைசென்ஸ் கிடைத்தவரிடம் கண்காணிப்புச் செலவையும் வாங்கலாம், லைசென்ஸ் இல்லாதவர்களைப் பிடிக்கும் செலவையும் சேர்த்து. லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் அந்தக் கண்காணிப்பால் பாதுகாப்புதானே என்பது காரணம். எனக்கும் இது நியாயமாகவே படுகிறது: பக்கத்துத் தெருவில் ஒருவர் லைசென்ஸ் இல்லாமல் அதே பொருளைப் பாதி விலைக்கு விற்றால் முதலில் அடிபடுவது ஒழுங்காக நடத்துகிற கடைதான். ஆனால் விண்ணப்பிக்கும்போதே அந்தத் தொகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, நிராகரித்தால் திருப்பித் தருவது சரியா என்ற கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2016 நவம்பரில் பதில் வந்தது: கூடாது.

அதனால்தான் இன்று பல படிவங்களில் கட்டணம் இரண்டு துண்டாக இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது ஒரு பகுதி, லைசென்ஸ் கிடைத்தால் மறு பகுதி. வாடகை வீட்டு லைசென்ஸுக்கும் இதே விதிதான் என்று 2018இல் ரிச்மண்ட் கவுன்சில் தோற்ற வழக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டையும் முதல் நாளே கேட்டால் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். மதுவுக்கு இது பொருந்தாது, அங்கே தொகையைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

டாக்ஸிக்கு வேறு சட்டம். வேக்ஃபீல்ட் கவுன்சில் ஓட்டுநர்களைக் கண்காணிக்கும் செலவை வாகனக் கட்டணத்தில் ஏற்றியது. ஓட்டுநர் சங்கம் எதிர்த்தது. அந்தச் செலவை ஓட்டுநர் லைசென்ஸ் கட்டணத்தில்தான் வாங்க வேண்டும், வாகனத்தின் தலையில் கட்டக் கூடாது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சாதாரண ஓட்டுநர்கள் கணக்குக் கேட்டு வாங்கிய தீர்ப்பு அது.

மது லைசென்ஸ் கையில் வந்தாச்சு. இனி வருடக் கட்டணம் கட்டினால் போதும்தானே?

போதாது. லைசென்ஸின் முதல் பக்கத்தைக் கடையில் மாட்டிவிட்டு மற்ற பக்கங்களைக் கோப்பில் போட்டுவிடுகிறோம். நமக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி அந்தப் பின்பக்கங்களில் இருக்கிறது. நிபந்தனைகள் அங்கேதான் எழுதியிருக்கும்.

சில நிபந்தனைகள் எல்லோருக்கும் உண்டு. கடைக்குப் பொறுப்பாளர் என்று பெயர் கொடுத்த ஒருவர் இல்லாமல் மது விற்கக் கூடாது. வயதைச் சரிபார்க்க ஒரு முறை இருக்க வேண்டும். மதுவின் மீதான தீர்வையும் வாட் (VAT) வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழே விற்கக் கூடாது. இவற்றுக்கு மேல், உங்கள் கடைக்கென்றே போட்டவை இருக்கும்: கேமரா பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வீரியமுள்ள பியர் கூடாது, வயது குறைந்தவருக்கு மறுத்த ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் எழுத வேண்டும், ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், இப்படி.

நான் கடையை வாங்கியபோது இருந்த கேமரா பெட்டி இரண்டு வாரப் பதிவைத்தான் வைத்திருக்கும். லைசென்ஸில் 31 நாள் என்று எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. தெருவில் நடந்த அடிதடிக்காகப் போலீஸ் மூன்று வாரம் கழித்து வந்து பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் நிபந்தனையை மீறி விற்பதும் லைசென்ஸ் இல்லாமல் விற்பதும் ஒரே பிரிவில் வரும் குற்றம்: வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அன்றிரவு கடையை மூடிவிட்டு உட்கார்ந்து பதினான்கு நிபந்தனைகளையும் அகராதியோடு படித்தேன். தயவுசெய்து நீங்கள் முதல் நாளே படியுங்கள்.

நிபந்தனை பொருந்தவில்லை என்றால் மாற்றக் கேட்கலாம். சின்ன மாற்றத்துக்கு 89 பவுண்டு, பத்திரிகை விளம்பரம் தேவையில்லை.

வருடக் கட்டணம் கட்ட மறந்துவிட்டேன். என்ன ஆகும்?

லைசென்ஸ் இடைநிறுத்தப்படும். கவுன்சில் கடிதம் அனுப்பி, குறைந்தது இரண்டு வேலை நாள் விட்டு ஒரு தேதி சொல்லும். அந்தத் தேதியிலிருந்து கட்டும் வரை நீங்கள் விற்கும் ஒவ்வொரு பாட்டிலும் லைசென்ஸ் இல்லாத விற்பனை. கட்டிய உடனே மறுபடி உயிர் வரும். கடிதம் பழைய முகவரிக்குப் போய், தெரியாமலே இரண்டு மாதம் விற்றவர்களை எனக்குத் தெரியும். முகவரி மாற்ற ஆகும் செலவு 10.50 பவுண்டு.

கடையை வாங்குகிறேன். லைசென்ஸும் கூடவே வந்துவிடுமா?

தானாக வராது. பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், 23 பவுண்டு. பொறுப்பாளரை மாற்ற இன்னொரு 23. விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லுபடியாகும்படி கேட்கும் வசதி படிவத்தில் இருக்கிறது, அந்தக் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் கம்பெனி பெயரில் இருந்து, அந்தக் கம்பெனி கணக்குத் தாக்கல் செய்யாமல், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் பதிவிலிருந்து நீக்கப்பட்டால் லைசென்ஸும் அன்றே போய்விடும். லைசென்ஸ்காரர் இறந்தாலும், திவாலானாலும் அப்படியே. 28 நாளுக்குள் பெயர் மாற்றினால் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் நீலத் தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எனவே கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் லைசென்ஸில் எந்தப் பெயர், அந்தக் கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

சிறுவர்களை அனுப்பி வாங்கச் சொல்லி மாட்டிவிடுகிறார்களாமே?

ஆமாம், 18 வயதுக்குக் குறைந்த தொண்டர்களை டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸோ போலீஸோ கடைக்குள் அனுப்புவார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. மது விற்றால் கவுன்டரில் நின்றவருக்கு அங்கேயே 90 பவுண்டு அபராதம் விதிக்கலாம், வழக்கும் போடலாம். மூன்று மாதத்தில் இரண்டு முறை நடந்தால் அது கடை உரிமையாளர் தலையில் விழும்: வரம்பில்லாத அபராதம், அல்லது 48 மணி நேரம் முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனை நிறுத்தம், அப்புறம் லைசென்ஸ் மறுபரிசீலனை.

"நம்ம அக்கா மகன்தானே, சனிக்கிழமை மட்டும் நிற்கட்டும்" என்று பயிற்சி இல்லாமல் கவுன்டரில் நிறுத்துவதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தவறு. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுத்ததை எழுதியும் வையுங்கள்.

அதிகாரி வந்தால் உள்ளே விடாமல் இருக்கலாமா?

முடியாது. மது விற்கும் இடத்துக்குள் நுழைந்து பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு, தடுப்பதே குற்றம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள், என்ன பார்க்க வந்தார் என்று கேளுங்கள். சமையல் நடப்பது குடியிருக்கும் வீட்டில் என்றால் மட்டும் உணவு அதிகாரி 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

எதற்கு லைசென்ஸையே பறிப்பார்கள்?

கடத்தல் சிகரெட், கடத்தல் மது, வேலை உரிமை இல்லாதவரை வேலைக்கு வைப்பது. இவற்றைத் தனியாகக் கடுமையாக எடுத்துக்கொள்ளும்படி அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. முதல் தடவை என்றாலும் பறிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஊரிலிருந்து வந்த பையனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஆவணம் பார்க்காமல் வேலை கொடுத்தால் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை தண்டத் தொகை, மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. 2024 பிப்ரவரியிலிருந்து இந்த அளவு. இருபது வருடம் கட்டியெழுப்பிய குடும்பக் கடைகள் இதனால் மூடியதைப் பார்த்திருக்கிறேன். உதவி செய்ய வேண்டும் என்றால் பணமாகக் கொடுங்கள், கவுன்டரில் நிறுத்தாதீர்கள்.

"விசாரணைக்கு வாருங்கள்" என்று கவுன்சில் கடிதம் வந்திருக்கிறது. போகவா?

எச்சரிக்கை சொல்லி நடத்தும் விசாரணை என்று கடிதத்தில் இருந்தால் அது குற்ற வழக்குக்கான முதல் படி. சொல்வது நீதிமன்றத்தில் பயன்படும். தனியாகப் போகாதீர்கள், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. பதில் போடாமல் கடிதத்தை இழுப்பறையில் வைப்பதுதான் மோசமான வழி.

கடைக்கு வெளியே நடைபாதையில் காய்கறி அடுக்கலாமா? நாற்காலி போடலாமா?

இரண்டும் வேறு. சாப்பாட்டுக் கடை நடைபாதையில் மேசை நாற்காலி போடப் பேவ்மென்ட் லைசென்ஸ். புதிதாக என்றால் 500 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது, புதுப்பிக்க 350, இரண்டு வருடம் வரை கொடுக்கலாம். காய்கறிப் பெட்டி அடுக்குவது அதில் வராது; லண்டனில் அது தெரு வியாபாரம், அதற்குத் தனி லைசென்ஸ். பக்கத்துக் கடைக்காரர் பத்து வருடமாக அடுக்குகிறார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

கவுன்சில் முடிவு தவறு என்று நினைத்தால்?

மது லைசென்ஸ் முடிவு என்றால் 21 நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். நாள் எண்ணுவது முடிவைத் தெரிவித்த கடிதத்திலிருந்து, எனவே உறையையும் பத்திரமாக வையுங்கள். தோற்றால் கவுன்சிலின் செலவையும் கட்டச் சொல்லலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். முடிவைப் பற்றி இல்லை, தாமதம், பதில் போடாமை, தவறான தகவல் போன்றவை என்றால் முதலில் கவுன்சிலின் புகார்ப் பிரிவு, அங்கே தீராவிட்டால் கவுன்சில்கள் மீதான புகாரை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மன். விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், இலவசம். எழுதும்போது கோபத்தை எழுதாமல் தேதியை எழுதுங்கள்: எந்த நாள் விண்ணப்பித்தீர்கள், எந்த நாள் யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார்.